ஆவ் 9 நோன்பு: யோம் கிப்பூர் கணக்கு இங்கே செல்லாது

கேள்வி, 2023 ஜூலை 11

எருசலேமில் ஒரு பாட்டியம்மாவைப் பாத்துக்குற வேலை. 81 வயசு. சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இருக்கு. இந்த மாசக் கடைசில திஷா பெஆவ்னு ஒரு யூத நோன்பு வருதாம். அதுவும் யோம் கிப்பூர் மாதிரிதான், லைட் போடக் கூடாது, அடுப்பு பத்த வைக்கக் கூடாது, ஒரு நாள் பூரா பச்சத் தண்ணி கிடையாதுன்னு பக்கத்து வீட்டுல வேலை செய்ற பொண்ணு சொல்றா. சரிதானா? முன்னாடியே என்னென்ன செஞ்சு வைக்கணும்?

2023 ஜூலை 11, இரவு

பாதிதான் சரி. ஐந்து விலக்குகள் இரண்டு நாளுக்கும் பொது: உண்பதும் குடிப்பதும், குளிப்பது, எண்ணெய் அல்லது வாசனை பூசுவது, தோல் செருப்பு, தாம்பத்தியம். நேரமும் அதேதான், சூரியன் மறைவதிலிருந்து மறுநாள் இருட்டும் வரை, கிட்டத்தட்ட 25 மணி நேரம். ஒற்றுமை அதோடு முடிந்தது. லைட் போடலாம், அடுப்பு பற்ற வைக்கலாம், போன் பேசலாம், கார் ஓட்டலாம். எருசலேமில் பஸ்ஸும் ஓடும். வேலை செய்யவும் தடை இல்லை. நண்பகல் வரை தள்ளிப்போடுவது வழக்கம், அவ்வளவுதான்.

யோம் கிப்பூர் பாவநிவர்த்தி நாள், தோராவே (மோசேயின் ஐந்து நூல்கள்) விதித்த நோன்பு. திஷா பெஆவ், அதாவது யூத நாட்காட்டியில் ஆவ் மாதம் 9-ஆம் தேதி, துக்க நாள். எருசலேமின் இரண்டு கோவில்களும் அழிந்ததற்காக ஊரே சாவு வீடாக உட்கார்ந்திருக்கிறது. நம் பக்கம் சாவு வீட்டில் யாரையும் "வாங்க" என்று சொல்ல மாட்டோம் அல்லவா, இங்கேயும் அன்று "ஷாலோம்" (வணக்கம்) கிடையாது, "போக்கெர் தோவ்" (காலை வணக்கம்) கிடையாது. தரையில் உட்காருவது, குளிக்காமல் இருப்பது, நல்ல துணி உடுத்தாதது எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதியைப் பாதிக்கு மேல் நீங்களே ஊகித்துவிடலாம்.

இந்த வருடம் ஜூலை 26 புதன் மாலை தொடங்கி ஜூலை 27 வியாழன் இரவு முடிகிறது. எருசலேமில் சூரியன் மறைவது சுமார் 7:40. முடியும் நேரம் 8:05-ஐ ஒட்டி, வீட்டு வழக்கப்படி சில நிமிடம் முன்பின் இருக்கும். வீட்டில் மாட்டியிருக்கும் லூவாக்கில் (யூத நாட்காட்டி) அச்சடித்த நேரத்தையே பாருங்கள்.

2023 ஜூலை 12

செருப்பு, முட்டை எல்லாம் பிறகு. முதலில் பாட்டியம்மாவின் உடம்பு.

யோம் கிப்பூரில் உயிருக்கு ஆபத்து இருந்தால்தான் சாப்பிடலாம், அப்போதும் பலர் அளந்து அளந்து சாப்பிடுவார்கள். திஷா பெஆவ் ரபிமார் (யூத மதகுருக்கள்) விதித்த நோன்பு. "நோய் உள்ள இடத்தில் ரபிமார் விதிக்கவில்லை" என்று ஷுல்கான் ஆரூக் என்ற யூதச் சட்ட நூலே (ஓரக் ஹயீம் 554) சொல்கிறது. ஆபத்து வரும் அளவுக்குக் காத்திருக்க வேண்டாம், நோயாளி என்றாலே போதும். அளந்து சாப்பிட வேண்டிய கட்டாயமும் பெரும்பாலோர் சொல்வதில்லை. ஆடம்பரம் இல்லாமல், தேவையான அளவு சாப்பிட வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்தத் தலைமுறைப் பெரியவர்கள் "சின்ன வயசிலிருந்து விட்டதில்லை" என்று பிடிவாதமாக இருப்பார்கள். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழும். நீர் பிரியும் பிரஷர் மாத்திரையோடு ஜூலை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார்கள். நோன்பன்று காலையில் இந்த வாக்குவாதத்தைத் தொடங்கினால் நீங்கள் ஜெயிக்க முடியாது. இப்போதே பிள்ளைகளிடம் சொல்லி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள், டாக்டர் சொன்னதை வைத்து அவர்களுடைய ரபியிடம் கேட்கச் சொல்லுங்கள். "சாப்பிட வேண்டும்" என்று ரபி நேரடியாகப் பாட்டியம்மாவிடம் போனில் சொன்னால் வேலை சுலபம். மருந்தளவை நீங்களாக மாற்ற வேண்டாம்.

கர்ப்பிணிகளும் நோன்பு இருக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மற்ற சிறு நோன்புகளில் கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவருக்கும் விலக்கு உண்டு. இந்த நோன்பில் மூல விதிப்படி அவர்களும் இருக்க வேண்டும். ஆனால் உடம்பு முடியவில்லை, பால் குறைகிறது என்றால் நோயாளி விதிதான், ரபிகள் தாராளமாகவே சொல்வார்கள். பிள்ளை பெற்று 30 நாள் ஆகாதவருக்கு நோன்பு இல்லை. பெண் 12, ஆண் 13 வயது ஆகும் வரை பிள்ளைகளுக்கும் இல்லை. அவர்களுக்கு எளிய சாப்பாடு, இனிப்பு மிட்டாய் வேண்டாம்.

2023 ஜூலை 13

துணி. இதற்குக் கெடு நெருங்கிவிட்டது, அதனால் இன்றே எழுதுகிறேன்.

பாட்டியம்மா வீடு அஷ்கெனாசியா (ஐரோப்பிய யூத மரபு) செபார்தியா (ஸ்பெயின், கீழை நாட்டு யூத மரபு) என்று கேட்டுக்கொள்ளுங்கள். அஷ்கெனாசி என்றால் ஆவ் 1 முதல் துணி துவைப்பதும் துவைத்த துணியைப் புதிதாக உடுத்துவதும் நிற்கும். ஆவ் 1 தொடங்குவது ஜூலை 18 செவ்வாய் மாலை, அதற்குள் வாஷிங் மெஷின் வேலையை முடித்துவிடுங்கள். யூதர் அல்லாதவரிடம் கொடுத்துத் துவைக்க வைப்பதும் கூடாது. ஆகவே "நான் யூதர் இல்லையே, நான் துவைத்தால் என்ன" என்பது செல்லாது. உங்கள் சொந்தத் துணியை நீங்கள் துவைக்கலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

செபார்தி வீடு என்றால் பெரும்பாலும் திஷா பெஆவ் வரும் அந்த வாரம் மட்டும்தான், அதாவது ஜூலை 23 ஞாயிறு முதல்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஆவ் 1 முதல் 9 வரை ஒன்பது நாளுக்குத் தேவையான சட்டைகளை ஒவ்வொன்றாக முன்கூட்டியே அரை மணி நேரம் போல உடுத்திக் கழற்றி, மடிக்காமல் தனியாக வைப்பார்கள். அப்போது அது "புதிதாகத் துவைத்தது" ஆகாது. பீரோவுக்குள் மற்ற துணியோடு கலந்து அடுக்கிவிட்டால் போச்சு, எது எது என்று தெரியாது. கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிவிடுங்கள். உள்ளாடை, வியர்வைக்கு மாற்றும் பனியன் ஆகியவற்றுக்குப் பலர் சலுகை தருகிறார்கள்.

படுக்கையில் சிறுநீர் போய்விட்டால்? துவையுங்கள், மாற்றுங்கள், யோசிக்கவே வேண்டாம். அது சுகத்துக்காகச் செய்வது இல்லை. நோன்பு நாளிலும் அசுத்தமான இடத்தை மட்டும் கழுவிவிடலாம்.

2023 ஜூலை 14

"மூன்று வாரமும் கறி கிடையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. மூன்று வாரம் என்பது ஆவுக்கு முந்தின மாதமான தம்மூஸின் 17-ஆம் தேதி நோன்பிலிருந்து (இந்த வருடம் ஜூலை 6) திஷா பெஆவ் வரை கணக்கு. அஷ்கெனாசி வழக்கில் அந்தக் காலம் முழுக்கக் கல்யாணம், முடிவெட்டு, இசை நிற்கும். கறியும் திராட்சை ரசமும் நிற்பது ஆவ் 1 முதல்தான். செபார்திகளில் பலர் மாதப் பிறப்பன்று கறி சாப்பிட்டுவிட்டு 2-ஆம் தேதியிலிருந்து நிறுத்துவார்கள். நடுவில் வரும் ஷபாத்தில் (சனிக்கிழமை ஓய்வுநாள்) கறியும் ரசமும் வழக்கம்போல உண்டு. மீனும் முட்டையும் எல்லா நாளும் சாப்பிடலாம். கறி வெந்த குழம்பையும் சூப்பையும் கறியாகவே கணக்கு வைப்பார்கள், துண்டை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் ஊற்றித் தர வேண்டாம்.

2023 ஜூலை 16

செருப்பு. ரப்பர், கேன்வாஸ், பிளாஸ்டிக் எதுவும் சரி. தவறு நடப்பது பாதித் தோல் செருப்பில். மேலே துணியாக இருக்கும், உள்ளே கால் படும் அட்டை தோலாக இருக்கும். ஷூவின் நாக்கிலோ அடியிலோ சிறிய ஒட்டுச் சீட்டு இருக்கும், மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி என்று மூன்று வரிசை. விரித்த விலங்குத் தோல் வடிவம் போட்டிருந்தால் அந்தப் பகுதி தோல். கட்டம் கட்டமான பின்னல் துணியைக் குறிக்கும், சாய்சதுரம் மட்டும் இருந்தால் மற்ற பொருள். மூன்று வரிசையையும் பாருங்கள். தோல் பெல்ட், தோல் கைப்பை, தோல் கடிகாரப் பட்டைக்குத் தடை இல்லை, காலுக்கு மட்டும்தான்.

வயதானவருக்கு வழுக்காத ரப்பர் அடி உள்ள மூடிய செருப்பாகப் பாருங்கள். அன்று வெளிச்சம் குறைவாக வைப்பார்கள், தொளதொளத்த வீட்டுச் செருப்பில் தடுக்கும்.

2023 ஜூலை 20

கடைசிச் சாப்பாடு, சேவுதா மஃப்செகெத்.

இது இரண்டு கட்டம். முதலில் மதியத்துக்குப் பின் நான்கு, ஐந்து மணி வாக்கில் நல்ல சாப்பாடு: மாவுச்சத்து, காய்கறி, வேண்டுமானால் மீன். உப்பும் ஊறுகாயும் குறைவாக, தண்ணீர் நிறைய. தண்ணீரைக் கடைசி அரை மணியில் ஒரேயடியாகக் குடித்தால் சிறுநீராகப் போய்விடும், முந்தின நாளிலிருந்தே பரவலாகக் குடிக்க வேண்டும். காபிப் பழக்கம் உள்ளவர்கள் நான்கைந்து நாள் முன்பிருந்தே கோப்பையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நோன்பின் மதியத் தலைவலிக்குப் பசியைவிடக் காபி நிறுத்தியதுதான் பெரும்பாலும் காரணம்.

பிறகு பிற்பகல் தொழுகை. அதற்குப் பின், சூரியன் மறைவதற்கு முன், துக்கச் சாப்பாடு. தரையில் அல்லது தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, ஆறிய அவித்த முட்டை ஒன்று, ரொட்டித் துண்டு, தண்ணீர். ஒரு சிட்டிகைச் சாம்பல். சாம்பலுக்குச் சாயமோ அச்சோ இல்லாத வெள்ளைக் காகிதத் துண்டை உலோகத் தட்டில் எரித்து, முழுக்க ஆறவிட்டு, விரல் நுனியால் பொடித்துக்கொள்வார்கள். முட்டையையோ ரொட்டியையோ அதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். முட்டை துக்க வீட்டு உணவு. உருண்டையாக இருக்கிறது, வாயில்லை, துக்கப்படுகிறவனுக்கும் பேச வாயில்லை. பருப்புக்கும் இதே விளக்கம் தல்மூதில் (ரபிமாரின் பழைய விவாதத் தொகுப்பு) உண்டு. ரபி யெஹூதா பர் இலாய் உப்பு தொட்ட காய்ந்த ரொட்டியும் ஒரு குடுவைத் தண்ணீரும் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து, எதிரே பிணம் கிடப்பதுபோலச் சாப்பிட்டார் என்று தல்மூதின் தானீத் பகுதி 30-ஆம் ஏட்டில் வருகிறது. அதைத்தான் இன்றைக்கும் வீடுதோறும் செய்கிறார்கள்.

சமையலறையில் கவனிக்க வேண்டியது: இந்தச் சாப்பாட்டில் சமைத்த பதார்த்தம் ஒன்றே ஒன்று. முட்டை வைத்தால் பருப்பு வைக்கக் கூடாது. ஒரு அவித்த முட்டையும் ஒரு பொரித்த முட்டையும் இரண்டு பதார்த்தமாகிவிடும். பச்சைக் காயும் பழமும் கணக்கில் சேராது. மூன்று ஆண்கள் சேர்ந்து உட்கார மாட்டார்கள், சேர்ந்தால் கூட்டு ஜெபம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தால் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

தட்டை எடுத்த பிறகும் சூரியன் மறையும் வரை தண்ணீர் குடிக்கலாம், "நோன்பு ஏற்றேன்" என்று வாயால் சொல்லாதவரை.

2023 ஜூலை 21

மேலே எழுதியதோடு ஒன்று. பாட்டியம்மா தரையில் உட்கார வேண்டியதில்லை. முக்காலியின் உயரம் 24 சென்டிமீட்டருக்கு, சிலர் கணக்கில் 30-க்கு, மேல் போகக் கூடாது என்பார்கள், 81 வயதில் அதிலிருந்து எழுந்திருப்பது ஆபத்து. முடியாதவர்கள் சாதாரண நாற்காலியில் உட்காரலாம். மனம் ஒப்பவில்லை என்றால் சோபா மெத்தையை எடுத்துவிட்டு அடிப்பலகையில் உட்காரவைக்கலாம், பிடித்து எழுப்ப நீங்கள் பக்கத்தில் இருந்தால்.

2023 ஜூலை 23

இரவும் காலையும் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதன் இரவு ஜெப ஆலயத்தில் தோரா சுருள் வைக்கும் பேழையின் திரை நீக்கப்பட்டிருக்கும், விளக்குகள் மங்கல், எல்லோரும் தரையில். எய்கா வாசிப்பு, தமிழ் பைபிளில் "புலம்பல்". ஐந்து அதிகாரம், 154 வசனம், அரை மணி நேரம் போல. நீங்களும் கூடவே தமிழில் பின்தொடரலாம். கடைசி வசனம் கடுமையானது என்பதால் அதோடு முடிக்காமல், அதற்கு முந்தின 5:21-ஐ, "எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும்" என்ற பொருள் வரும் வசனத்தை, சபை முழுக்க உரக்கச் சொல்லி, வாசிப்பவரும் திரும்பச் சொல்லி முடிப்பார். செபார்தி, ஏமன் வழக்கில் கோவில் இடிந்து இத்தனை ஆண்டு என்று அறிவிப்பதும் உண்டு.

காலையில் எழுந்ததும் கை கழுவுவது விரல்களுக்கு மட்டும். குவளையால் வலது, இடது என்று மாற்றி மாற்றி மும்முறை, விரல் உள்ளங்கையில் சேரும் கணு வரை. தண்ணீர் உள்ளங்கைக்குப் போகாமலிருக்க விரல்களைக் கீழே சாய்த்துப் பிடிப்பார்கள். துடைத்த பின் விரலில் இருக்கும் லேசான ஈரத்தால் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். கழிப்பறைக்குப் போய் வந்தாலும் இதே அளவு. உங்கள் சமையல் வேலைக்கு நீங்கள் வழக்கம்போலக் கழுவுங்கள். வாய் கொப்பளிப்பதும் இல்லை, மிகவும் சிரமம் என்றால் தலையைக் குனிந்து கொஞ்சம் தண்ணீர். மருத்துவக் களிம்புக்குத் தடையில்லை.

தெஃபிலின் (தொழுகையில் கையிலும் நெற்றியிலும் கட்டும் வேதவசனப் பெட்டி) காலையில் கட்ட மாட்டார்கள், மதியத் தொழுகையில் கட்டுவார்கள் (எருசலேம் செபார்திகளில் சிலர் காலையிலேயே கட்டுவதுண்டு). பிறகு கினோத் என்னும் புலம்பல் பாடல்கள். அஷ்கெனாசித் தொகுப்பில் நாற்பதுக்கு மேல், மதியத்தை நெருங்கும் வரை போகும். எலாசார் ஹக்காலிர் எழுதியவை பல, கடினமான எபிரேயம். யெஹூதா ஹலேவியின் "சீயோனே, நலம் கேட்க மாட்டாயா" உண்டு. 1096-இல் ரைன் நதிக்கரை ஊர்களில் நடந்த படுகொலைக்கு ஒன்று, பாரிஸில் தல்மூத் ஏடுகளை எரித்ததற்கு ரோதன்பர்க் மெயிர் எழுதியது ஒன்று.

வழக்கம்போலத் தோரா படிப்பதும் அன்று கூடாது, அது மனதை மகிழ்விக்கும் என்பதால் (சங்கீதம் 19:8). யோபு, புலம்பல், எரேமியாவின் துயரப் பகுதிகள், தல்மூதில் கிட்டீன் 55-58 ஏடுகள் படிக்கலாம். பாட்டியம்மா படிக்கக் கேட்டால் இவற்றை எடுத்துக் கொடுங்கள். காலைத் தோரா வாசிப்பு உபாகமம் 4:25-40. தீர்க்கதரிசனப் பகுதியை எபிரேயப் புத்தகத்தில் எரேமியா 8:13-9:23 என்று போட்டிருக்கும். தமிழ் பைபிளில் வசன எண் ஒன்று தள்ளும், 9:24 வரை பாருங்கள்.

நண்பகலுக்குப் பிறகு இறுக்கம் தளரும். நாற்காலியில் உட்காருவார்கள், திரை திரும்ப வரும். மீட்பர் இந்த நாளில்தான் பிறப்பார் என்ற நம்பிக்கையில் மதியத்துக்கு மேல் வீடு கூட்டும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. பாட்டியம்மா துடைப்பம் கேட்டால் அதற்காகத்தான்.

2023 ஜூலை 24

"பைபிளிலேயே தேதி 9 இல்லையே" என்று கேட்டவருக்கு. உண்மை. 2 இராஜாக்கள் 25:8 ஏழாம் தேதி என்கிறது, எரேமியா 52:12 பத்தாம் தேதி என்கிறது. தல்மூத் (தானீத் 29) இப்படிச் சேர்க்கிறது: ஏழாம் தேதி பகைவர் உள்ளே நுழைந்தார்கள், ஒன்பதாம் தேதி சாயங்காலம் தீ வைத்தார்கள், பத்தாம் தேதி முழுக்க எரிந்தது. எரிந்த நாளையே நோன்பாக வைத்திருப்பேன் என்று ரபி யோஹனான் அங்கேயே சொல்கிறார். கரையர்கள் (தல்மூதை ஏற்காத யூதப் பிரிவினர்) இன்றும் 7, 10 தேதிகளைத்தான் கொள்கிறார்கள். மறுநாள் நண்பகல் வரை கறி கூடாது என்ற வழக்கத்துக்கும் வேர் இந்தப் பத்தாம் தேதித் தீதான்.

மிஷ்னா (தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு) சொல்லும் ஐந்து துயரங்கள்: வனாந்தரத்துத் தலைமுறை நாட்டுக்குள் போக முடியாது என்ற தீர்ப்பு, முதல் கோவில், இரண்டாம் கோவில் (70), ரோமரை எதிர்த்த கிளர்ச்சியின் கடைசிக் கோட்டையான பெத்தாரின் வீழ்ச்சி (135), எருசலேம் உழப்பட்டது. 1290-இல் இங்கிலாந்திலிருந்து யூதரை வெளியேற்றிய ஆணை பிறகு சேர்ந்தது. ஸ்பெயினிலிருந்து யூதரை வெளியேற்றியதும் இதே தேதி என்று பலர் பகிர்கிறார்கள். ஆணையில் குறித்த கடைசி நாள் 1492 ஜூலை 31, ஆவ் 9 அதற்கு இரண்டு நாள் பின்னால். மரபு இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது, சொல்லட்டும். தேதியாக எழுதும்போது மட்டும் பிரித்து எழுதுங்கள்.

2023 ஜூலை 25

இந்தியாவில் இந்த நாள் எப்படி என்ற கேள்விக்குக் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் என்ற யூத மக்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் மராத்தியில் இதை "பிர்த்யாச்சா சண்" (பிர்தா பண்டிகை) என்றார்கள். பிர்தா என்பது வால் பயறுக் குழம்பு, வால் என்பது நம் மொச்சை, அவரைக் கொட்டை இனம். கறி விலக்கிய நாட்களின் சாப்பாடு அது.

செய்முறை: பயறை ஓர் இரவு ஊற வைத்து வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒரு நாள், ஒன்றரை நாள் விட்டால் முளை வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, இரு விரலால் பிதுக்கித் தோலை நீக்க வேண்டும், நம் பிதுக்கு மொச்சையேதான். வெங்காயம், மஞ்சள், கொத்தமல்லி சேர்த்து வேகவிட்டு, பருப்பு முழுதாக நிற்கும்போதே தேங்காய்ப்பால் ஊற்றி இறக்க வேண்டும். கரண்டியால் கிளறினால் கூழாகிவிடும், சட்டியைப் பிடித்துக் குலுக்குங்கள். கட்டிய துணி காய்ந்துவிட்டால் முளை வராது, தண்ணீர் தேங்கினால் நாற்றம் வரும். இந்த வெயிலில் இரண்டும் சீக்கிரம் நடக்கும்.

2023 ஜூலை 27, காலை

ஒன்று மட்டும். வழக்கப்படி "காலை வணக்கம்" சொல்லிவிட்டேன், பாட்டியம்மா தலையை மட்டும் அசைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபம் இல்லை. தெரியாமல் சொன்னவருக்கு மெல்லத் தலையசைத்தோ தாழ்ந்த குரலிலோ பதில் சொல்வதுதான் முறை. ரபி சொன்னபடி காலை மாத்திரையும் கஞ்சியும் எடுத்துக்கொண்டார் என்பது நிம்மதி.

2023 ஜூலை 27, மாலை

முடிக்கும் முறை. முதலில் கையை மணிக்கட்டு வரை மும்முறை கழுவுவார்கள், காலையில் விரல் மட்டும்தானே கழுவினார்கள். நோன்பு இருந்தவர்களுக்கு அரை டம்ளர் தண்ணீர் சிறு மடக்குகளாக, பேரீச்சை ஒன்றிரண்டு, கால் மணி நேரம் கழித்துப் பருப்பு சூப், ரொட்டி. எடுத்த எடுப்பில் ஐஸ் தண்ணீரும் எண்ணெய்ப் பலகாரமும் கொடுத்தால் வயிறு பிடிக்கும். கறி இன்று இரவு இல்லை, திராட்சை ரசமும் இல்லை.

இந்த வருடம் ஆவ் 10 வெள்ளிக்கிழமை. அதனால் ஷபாத்தின் மதிப்புக்காகக் காலையிலேயே துணி துவைக்கலாம், குளிக்கலாம், முடி வெட்டலாம், நண்பகல் வரை காத்திருக்க வேண்டாம். கறியும் ரசமும் மட்டும் அஷ்கெனாசி வீட்டில் நண்பகலுக்குப் பின், செபார்தி வீட்டில் பெரும்பாலும் அன்று முழுக்க இல்லை. ஒன்பது நாள் அழுக்குக் கூடை காத்திருக்கும், காலையில் முதலில் படுக்கை விரிப்பைப் போட்டுவிடுங்கள், ஷபாத் விளக்குக்கு முன் காய்ந்துவிடும்.

2025 ஜூலை 20

இழையை மீண்டும் எழுப்பியவருக்கு: இந்த வருடம் மேலே சொன்னதை அப்படியே செய்ய வேண்டாம். நோன்பு ஆகஸ்ட் 2 சனி இரவு தொடங்கி ஞாயிறு. முந்தின நாள் ஷபாத் என்பதால் பல மாறுகின்றன.

முட்டை, சாம்பல் சாப்பாடு கிடையாது. ஷபாத்தின் மூன்றாம் வேளைச் சாப்பாட்டில் கறிகூட வைக்கலாம், மேசையில்தான், தரையில் இல்லை. ஆனால் சூரியன் மறைவதற்குள் சாப்பிடுவதையும் குடிப்பதையும் நிறுத்த வேண்டும். தோல் செருப்பை இருட்டிய பிறகுதான் கழற்றுவார்கள், பலர் மாலைத் தொழுகையின் தொடக்க அழைப்பான "பார்கு" சொன்னதும். மாற்றுச் செருப்பையும் கினோத் புத்தகத்தையும் வெள்ளிக்கிழமையே ஜெப ஆலயத்தில் கொண்டு வைத்துவிடுங்கள், ஷபாத்தில் அடுத்த நாளுக்காக எதையும் தயார் செய்யக் கூடாது.

ஹவ்தாலா (ஷபாத்தை முடித்துவைக்கும் சடங்கு) இரண்டாகப் பிரியும். சனி இரவு எய்காவுக்கு முன் மெழுகுவர்த்தி ஆசீர்வாதம் மட்டும். கோப்பை ஆசீர்வாதம் ஞாயிறு இரவு நோன்பு முடிந்த பின், வாசனைப் பொருளும் மெழுகுவர்த்தியும் இல்லாமல்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் இதை மறக்க வேண்டாம்: ஞாயிறு சாப்பிட வேண்டியவர், சாப்பிடும் முன் ஹவ்தாலா சொல்ல வேண்டும். திராட்சை ரசத்தைத் தவிர்த்து பீர், காபி, பழச்சாறு போன்றவற்றில் எதில் சொல்வது என்று ரபியிடம் முன்பே கேட்டு, அந்தப் பானத்தை வீட்டில் வைத்திருங்கள். சர்க்கரை நோயாளி என்றால் இனிப்பில்லாத காபி ஆகுமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

துணி: மாதப் பிறப்பு ஜூலை 26 ஷபாத். அஷ்கெனாசி வீட்டில் வெள்ளி 25 மாலைக்குள் துவைத்து முடிக்கவும். செபார்தி வீட்டில் நோன்பு ஞாயிறு வருவதால் அதற்கு முன் "அந்த வாரம்" என்று ஒன்று இல்லை, துவைக்கத் தடை இல்லை.

2025 ஜூலை 21

"2022-இலும் ஞாயிறுதானே, ராத்திரியே துவைத்தார்களே" என்று கேட்டவருக்கு: அந்த வருடம் ஆவ் 9 ஷபாத்திலேயே வந்தது, நோன்பு ஒரு நாள் தள்ளி ஆகஸ்ட் 7-இல், அதாவது ஆவ் 10-இல் நடந்தது. பத்தாம் தேதி நோன்போடே கழிந்துவிட்டதால் இரவே துவைக்கலாம், குளிக்கலாம், கறி மட்டும் மறுநாள் காலை வரை இல்லை. இந்த வருடம் ஞாயிறுதான் ஆவ் 9. ஆகவே திங்கள் ஆகஸ்ட் 4 நண்பகல் வரை வாஷிங் மெஷினைப் போட வேண்டாம்.